எந்த வரியில் உடைந்தது? பைடெஸ்ட் தரும் தோல்வி அறிக்கை பற்றி

பைத்தான் மொழியில் எழுதிய நிரல்களைச் சோதிக்கும் கருவியான பைடெஸ்ட் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஃபிக்ஸ்சர், பிளகின் என்று வசதிகளை அடுக்கிக்கொண்டே போவார்கள். அந்தப் பக்கமே நான் போகப்போவதில்லை. ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆனதும் அது திரையில் என்ன எழுதுகிறது, அதைப் படித்ததும் எந்த ஃபைலில் எந்த வரிக்குப் போக வேண்டும் என்று தெரிகிறதா, இது ஒன்றுதான் எனக்குக் கேள்வி. விலை கேட்டால், இலவசம், எம்ஐடி உரிமம். நட்சத்திரம் கேட்டால், ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்றை எதற்குப் பிடித்தம் செய்தேன் என்பது கடைசியில் வரும்.

வேலை பார்ப்பது பெங்களூரு ஹெச்எஸ்ஆர் லேஅவுட்டில், சம்பளப் பட்டுவாடா மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில். டெஸ்டிங் என் பொறுப்பு. மாதக் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. டெஸ்ட்கள் ஓடுவதோ எங்கள் லேப்டாப்பில் இல்லை, கோடைத் தொகுத்து டெஸ்ட்களை ஓடவிடும், எங்கோ இருக்கும் பில்ட் மெஷினில். அங்கே போய், வரி வரியாக ஓடவிட்டுப் பிழை தேடும் டீபக்கரை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. திரும்ப ஓடவிட்டால் சில டெஸ்ட்கள் நல்ல பிள்ளையாகப் பாஸ் ஆகிவிடும். ஆக, முதல் தடவை உடைந்தபோது லாகில் விழுந்த நாலு வரிதான் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். டெஸ்ட் எழுத எவ்வளவு சுலபம் என்பதை விட, உடைந்தபின் அது என்ன எழுதிவைத்துவிட்டுப் போகிறது என்பதை வைத்துத்தான் நான் ஒரு டெஸ்டிங் கருவியை எடை போடுவேன்.

டெஸ்ட் ஃபெயில் ஆவது என்றால் உள்ளே ஒரு எக்செப்ஷன், அதாவது ஓட்டத்தை இடையில் முறிக்கும் பிழை அறிவிப்பு, எறியப்படுகிறது, அவ்வளவுதான். யார் யாரைக் கூப்பிட்டு இங்கே வந்து சேர்ந்தோம் என்ற வரிசையும் அதோடு வரும். ஜாவாவில் எக்செப்ஷன் உருவாகும்போதே அந்த வரிசை, அதாவது ஸ்டாக், பதிவாகிவிடும். பைத்தானில் எக்செப்ஷன் மேலே ஏற ஏற ஒவ்வொரு படியாகச் சேரும். சிக்கல் எங்கே என்றால், எக்செப்ஷன் எறியப்பட்ட வரி நமக்கு வேண்டிய வரியாக இருப்பது அபூர்வம். ஜாவாவின் டெஸ்ட் கருவியான ஜேயூனிட்டில் அது நூலகத்தின் வயிற்றுக்குள் எங்கோ இருக்கும். நம் டெஸ்ட் நாலைந்து வரி தள்ளிக் கிடக்கும். ஆட்டோக்காரரிடம் ஹெச்எஸ்ஆர் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், "யாவ செக்டர், யாவ மெயின், யாவ கிராஸ்?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். நான் டெஸ்ட் கருவியிடம் எதிர்பார்ப்பதும் அந்த மெயினும் கிராஸும்தான்.

இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த தலைவலி இல்லை. 1997-இல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் சூரிக்கிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் உட்கார்ந்து ஜேயூனிட்டை எழுதத் தொடங்கினார்கள் என்பது நம் தொழிலில் பலரும் அறிந்த கதை. டெஸ்ட்களை ஓடவிடும் அதன் பழைய ரன்னரிலேயே தன் சொந்த வரிகளை ஸ்டாக்கிலிருந்து வடிகட்டும் ஏற்பாடு இருந்தது. பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்டும் தன் மாட்யூல்களில் ஓர் அடையாள மாறியை வைத்து, அது உள்ள ஃபிரேம்களை (ஸ்டாக்கின் படிகளை) ட்ரேஸ்பேக்கில், அதாவது அந்த வரிசையின் அச்சில், காட்டாமல் விட்டுவிடும். கருவி தன்னை மறைத்துக்கொண்டு நம் வரியை முன்னால் தள்ள வேண்டும் என்பது அப்போதே புரிந்துவிட்ட விஷயம்தான். பைடெஸ்ட் அதற்கு மேலும் ஒரு படி போகிறது.

எங்கள் வேலையிலிருந்தே ஓர் உதாரணம். கர்நாடகாவில் மாதச் சம்பளம் 25,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் தொழில்வரி மாதம் 200 ரூபாய். 2025 ஏப்ரலிலிருந்து பிப்ரவரி மாதத்துக்கு மட்டும் 300 என்று மாற்றினார்கள். பதினோரு மாதம் 200, ஒரு மாதம் 300, கூட்டினால் 2,500. அரசியலமைப்பின் 276-வது பிரிவு வைத்திருக்கும் ஆண்டு உச்சவரம்பு அதுதான். தமிழ்நாட்டிலிருந்து வந்து சேருகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும், நம் ஊரில் உள்ளாட்சிக்கு அரையாண்டுக் கணக்கில் போகும் வரி. சரி, இந்தப் பிப்ரவரி விதி கோடில் வராமல் போனால் பைடெஸ்ட் திரையில் இப்படி எழுதும். எழுத்தை மட்டும் தமிழாக்கிக் காட்டுகிறேன் ('அசெர்ட்' என்றால் இது உண்மையாக இருந்தே ஆக வேண்டும் என்ற சோதனை வரி):

>    அசெர்ட் தொழில்வரி(சம்பளம்=40000, மாதம்=2) == 300
ஈ    அசெர்ட் 200 == 300
ஈ     +  வேர் 200 = தொழில்வரி(சம்பளம்=40000, மாதம்=2)

இடது ஓரத்தில் இருக்கும் அந்த அம்புக்குறியைப் பாருங்கள். டெஸ்ட் ஃபங்ஷனை மேலிருந்து அந்த வரி வரைக்கும் அப்படியே அச்சடித்து, உடைந்த வரிக்கு மட்டும் அம்பு போடும். கீழே 'ஈ' போட்ட வரிகளில் வந்தது 200, வந்திருக்க வேண்டியது 300, அந்த 200 எந்த அழைப்பிலிருந்து வந்தது என்பது வரை இருக்கிறது. அதற்கும் கீழே ஃபைல் பெயர், முக்காற்புள்ளி, வரி எண். பல எடிட்டர்களின் டெர்மினலில் அதைக் கிளிக் செய்தால் நேரே அந்த வரியில் போய் நிற்கும். எல்லாம் ஓடி முடிந்ததும் கடைசியில் ஃபெயில் ஆனவற்றின் சுருக்கப் பட்டியல் ஒன்று வரும், டெஸ்ட் பெயரோடு "அசெர்ட் 200 == 300" என்பதும் சேர்ந்தே. காலையில் மெட்ரோவில் நின்றுகொண்டு ஃபோனில் பார்ப்பதற்கு அந்தப் பட்டியலே போதும்.

இதை ஏன் இவ்வளவு மெச்சிக்கொள்கிறேன் என்றால், பைத்தானின் வெறும் அசெர்ட் உடைந்தால் 'அசெர்ஷன்எரர்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்ளும். என்ன மதிப்பு வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், ஒன்றும் இருக்காது. அதனால்தான் யூனிட்டெஸ்டில் சமமா, உள்ளே இருக்கிறதா, பெரியதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி மெத்தட். பைடெஸ்ட் வேறு வழியில் போனது. டெஸ்ட் ஃபைலை இம்போர்ட் செய்யும் நேரத்திலேயே இடையில் புகுந்து, அசெர்ட் வரிகளைத் தொடரியல் மரத்தில் (கோடின் இலக்கண அமைப்பில்) மாற்றி எழுதி, இடையில் வரும் மதிப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 2011-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து இப்படித்தான். அதற்கு முன்னால், அசெர்ட் உடைந்ததும் அந்த எக்ஸ்பிரஷனை இரண்டாம் தடவை ஓடவிட்டு மதிப்பைத் தெரிந்துகொள்ளும். ஒரு பட்டியலிலிருந்து ஓர் உருப்படியை எடுக்கிற அசெர்ட்டாக அது இருந்துவிட்டால், இரண்டாம் தடவை வேறு மதிப்பு வரும். உடைந்ததற்கான காரணத்தைத் தேடிப்போகிறவருக்குக் கிடைப்பது பொய்ச்சாட்சி.

டிக்‌ஷனரி, அதாவது பெயரும் மதிப்புமாக வரும் தொகுப்பு, அதன் ஒப்பீட்டையும் சொல்லியாக வேண்டும். ஒரு சம்பளச்சீட்டு என்றால் அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப்படி, பிஎஃப், இஎஸ்ஐ, வருமான வரிப் பிடித்தம் என்று நீண்ட பட்டியல். முழுச்சீட்டையும் ஒரே அசெர்ட்டில் ஒப்பிட்டால், ஒத்துப்போன உருப்படிகள் இத்தனை என்று ஒரு வரியில் தள்ளிவிட்டு, மாறுபட்ட உருப்படியை மட்டும் இரண்டு பக்கத்து மதிப்போடும் எடுத்துக் காட்டும். ஜாவாவில் இதே வேலைக்கு இரண்டு நீளமான எழுத்துச் சரங்களை அருகருகே வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை புரியும். (ஜேயூனிட் 3.8 காலத்திலேயே சரங்களில் வேறுபடும் இடத்தை மட்டும் எடுத்துக் காட்டும் வசதி வந்தது. நல்ல வசதிதான், ஆனால் சரங்களுக்கு மட்டும்.) வேறுபாடு மிக நீளமாகப் போனால் பைடெஸ்ட் பாதியில் வெட்டிவிட்டு, முழுதும் பார்க்கக் கட்டளையில் இரட்டை 'வி' போடச் சொல்லும். பில்ட் மெஷினில் 'சிஐ' என்ற சூழல் மாறி இருந்தால் வெட்டாமல் முழுவதையும் எழுதும். நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

ஜாவாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. ஜாவா ஸ்டாக்கில் கடைசியாக நடந்தது தலையில் இருக்கும். பைத்தானில் அடியில் இருக்கும். கண் பழைய பழக்கத்தில் மேலேயே நிற்கும். சில நாளில் பழகிவிடும்.

இனி குறைக்கு வருவோம். எங்களிடம் சம்பளச்சீட்டைச் சரிபார்க்கும் ஒரு பொது ஹெல்பர் ஃபங்ஷன் இருக்கிறது. பிஎஃப் உச்சவரம்பைத் தாண்டியதா, மொத்தத்திலிருந்து பிடித்தம் போக நிகரம் சரியா என்று வரிசையாக அசெர்ட்கள். நூற்றுக்கணக்கான டெஸ்ட்கள் அதைக் கூப்பிடும். லாக் நீளமாகப் போகிறது என்று யாரோ ட்ரேஸ்பேக் விருப்பத்தை 'லைன்' என்று மாற்றி வைத்திருந்தார்கள். அதாவது ஒரு தோல்விக்கு ஒரே வரி. ஒரு மாதக் கடைசியில் பில்ட் சிவந்தது, அதாவது டெஸ்ட்கள் உடைந்தன. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த நாங்குநேரிக்காரத் தம்பி லாகைப் பார்த்துவிட்டு வந்து நின்றான்.

"அக்கா, எல்லா டெஸ்ட்டும் ஒரே வரியிலதான் உடைஞ்சிருக்கு. அந்த வரியை எடுத்துட்டா சரியாயிடும்ல?"

"பில்ட் பச்சையாயிடும்டா. சம்பளம் சரியாகாது."

அவன் மேல் தப்பில்லை. லாக் அப்படித்தான் சொன்னது. உடைந்த அத்தனைக்கும் அதே ஹெல்பர் ஃபைல், அதே வரி எண். எந்த டெஸ்ட்டின் எந்த வரியிலிருந்து அங்கே போனது என்பது இல்லவே இல்லை. போதாக்குறைக்கு 200, 300 போன்ற மதிப்புகளும் இல்லை, வெறும் 'அசெர்ஷன்எரர்'. ஹெல்பர் இருப்பது டெஸ்ட் ஃபைலிலோ, டெஸ்ட்களுக்கான பொது அமைப்புகளை வைக்கும் கான்ஃப்டெஸ்ட் ஃபைலிலோ இல்லை, தனி மாட்யூலில். பைடெஸ்ட் அதன் அசெர்ட்களை மாற்றி எழுதாது.

இரண்டுக்கும் மருந்து உண்டு. ஹெல்பர் ஃபங்ஷனுக்குள் 'ட்ரேஸ்பேக்ஹைட்' என்ற மாறியை, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோட்டோடு, உண்மை என்று வைத்தால் அந்த ஃபிரேம் அறிக்கையிலிருந்து விலகிக்கொள்ளும். அம்புக்குறி ஹெல்பரைக் கூப்பிட்ட டெஸ்ட் வரிக்கு வந்துவிடும், ஒற்றை வரி அறிக்கையிலும் அந்த எண்ணே வரும். மதிப்புகள் தெரிய வேண்டுமானால், கான்ஃப்டெஸ்ட் ஃபைலில் அந்த ஹெல்பர் மாட்யூலின் பெயரை 'ரெஜிஸ்டர் அசெர்ட் ரீரைட்' என்ற அழைப்பில் கொடுக்க வேண்டும். அதுவும் ஹெல்பரை இம்போர்ட் செய்வதற்கு முன்னாலேயே. பின்னால் கொடுத்துப் பயனில்லை.

மறைப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஹெல்பருக்குள்ளேயே நிஜமான பிழை, உதாரணமாக இல்லாத சாவியைத் தேடும் கீஎரர், வந்தாலும் அந்த ஃபிரேம் மறைந்தே கிடக்கும். அந்த மாறிக்கு உண்மை என்று கொடுப்பதற்குப் பதிலாக ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால், இன்ன வகை எக்செப்ஷனுக்கு மட்டும் மறை என்று சொல்லலாம். நாங்கள் அசெர்ஷன்எரருக்கு மட்டும் மறைக்கிறோம். எதுவும் ஒளியாமல் பார்க்க வேண்டுமானால் 'ஃபுல் ட்ரேஸ்' விருப்பம் இருக்கிறது. இவ்வளவும் ஆவணத்தில் உள்ளதுதான். ஆனால் தேடிப் போகிறவன் கண்ணில்தான் படும். ஹெல்பர் எழுதும் ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் விஷயத்தை இவ்வளவு உள்ளே வைத்திருக்க வேண்டியதில்லை.

இதே பிரச்சினையை மற்ற மொழிகள் இன்னும் வெளிப்படையாகத் தீர்த்திருக்கின்றன என்பது என் எண்ணம். கோ மொழியில் 2017-இல் வந்த 1.9 பதிப்பிலிருந்து, ஹெல்பரின் முதல் வரியில் 'டி ஹெல்பர்' என்று கூப்பிட்டால் போதும், பிழை கூப்பிட்டவன் வரியில் பதிவாகும். ரஸ்ட்டில் 2020-இல் வந்த 1.46-இலிருந்து ஃபங்ஷன் தலையில் 'ட்ராக் காலர்' என்று ஒரு குறிப்பு. ஜாவாவின் அசெர்ட்ஜே கேட்காமலேயே தன் சொந்தப் படிகளை ஸ்டாக்கிலிருந்து உருவிவிடும். சி பிளஸ் பிளஸ்காரர்கள் பாவம். அவர்கள் எக்செப்ஷனில் ஃபைலும் வரியும் தானாக வராது, மேக்ரோ (கம்பைல் ஆகும் முன் கோடாக விரியும் சுருக்கம்) வழியாகத் திணிக்க வேண்டும். அதனால்தான் அவர்களின் டெஸ்ட் கருவியான கூகுள்டெஸ்டில் எல்லாமே மேக்ரோ. இந்த அல்லாட்டத்தைக் குறைக்க சி பிளஸ் பிளஸ் 20-இல்தான் 'சோர்ஸ் லொகேஷன்' என்ற வசதியைத் தரத்திலேயே சேர்த்தார்கள்.

வெட்டுவதில் அளவு மீறினாலும் வம்புதான். ஜாவா டெஸ்ட்களை ஓடவிடும் மேவன் சூர்ஃபயரின் பழைய பதிப்புகள் ஸ்டாக்கை டெஸ்ட் கிளாஸின் வரிகளோடு நறுக்கிவிடுவதை இயல்பாக வைத்திருந்தன. அசெர்ட் உடைந்தால் சரி. கோடின் ஆழத்தில் ஒரு நல்பாயின்டர் (இல்லாத பொருளைத் தொடும் பிழை) வெடித்தால்? வெடித்த வரியே அறிக்கையில் இருக்காது. பைடெஸ்ட் அந்த வேலையைச் செய்யாது. இயல்பான அமைப்பில் முதல் படியையும் கடைசிப் படியையும் விரிவாகவும், நடுவில் உள்ளவற்றைச் சுருக்கமாகவும் காட்டும். டெஸ்ட்டின் வரியும் தெரியும், வெடித்த இடமும் தெரியும். எங்கள் பில்டில் அந்த 'லைன்' அமைப்பைத் தூக்கிவிட்டு இந்த இயல்பு நிலைக்கே திரும்பிவிட்டோம். லாக் நீளம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரே டெஸ்டுக்குள் பன்னிரண்டு மாதத்துக்கும் லூப் போட்டால், முதலில் உடைந்த மாதத்தோடு அந்த டெஸ்ட் முடிந்துவிடும். மார்ச்சும் உடைந்திருக்கிறதா என்று தெரியாது. 'பாராமெட்ரைஸ்' போட்டால் ஒவ்வொரு மாதமும் தனி டெஸ்ட், சதுர அடைப்புக்குள் மாத எண்ணோடு சுருக்கப் பட்டியலில் வரிசையாக நிற்கும். ஆனால் ஒரே சீட்டில் பத்து உருப்படியையும் பார்த்துவிட்டு எல்லாத் தவறுகளையும் மொத்தமாகச் சொல் என்றால், ஜேயூனிட் 5-இல் அதற்கென்றே 'அசெர்ட் ஆல்' இருக்கிறது, தோல்விகளை ஒரே எக்செப்ஷனில் மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும். பைடெஸ்டின் வெறும் அசெர்ட் முதல் அடியிலேயே நின்றுவிடும், மேலே போக வேண்டுமானால் 9.0 பதிப்பு வரும்வரை பிளகின் தேட வேண்டியிருந்தது. இந்த ஓர் இடத்தில் ஜாவா பக்கம் ஒரு கை ஓங்கியிருந்தது.

கட்டளையில் போடும் சின்ன 'எல்' விருப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைப் போட்டால் உடைந்த ஃபங்ஷனின் உள் மாறிகள் அத்தனையையும் மதிப்போடு அச்சடிக்கும். பிழை தேட அருமையான உதவி. ஆனால் எங்களைப் போல் சம்பளத்தைத் தொடும் இடத்தில் பான் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அந்த மாறிகளில்தான் உட்கார்ந்திருக்கும். பில்ட் லாகை யார் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு தடவை யோசித்துவிட்டு இதைப் போடுங்கள். எங்கள் டெஸ்ட் தரவு முழுவதும் கற்பனை ஆட்கள், அதனால் தைரியமாகப் போடுகிறோம்.

அடைப்புக்குறிப் பொறி ஒன்று உண்டு. அசெர்ட்டுக்குப் பின்னால் நிபந்தனையையும் செய்தியையும் சேர்த்து ஒரே அடைப்புக்குள் போட்டால் அது டியூப்பிள் (மதிப்புகளின் சிறு தொகுப்பு) ஆகி எப்போதும் உண்மையாகிவிடும். டெஸ்ட் ஜென்மத்துக்கும் உடையாது. பைடெஸ்டும் எச்சரிக்கும், பைத்தான் மொழியே எச்சரிக்கிறது. அடுத்ததற்குப் போவோம்.

நட்சத்திரம் ஒன்றைப் பிடித்தம் செய்த இடம், த்ரெட், அதாவது ஒரே நிரலுக்குள் பக்கத்தில் ஓடும் தனி ஓட்டம். எங்கள் சம்பள ஓட்டம் ஊழியர்களைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தனித்தனி த்ரெட்டில் கணக்குப் போடும். த்ரெட்டுக்குள் அசெர்ட் உடைந்தால் அந்த எக்செப்ஷன் அங்கேயே செத்துவிடும், டெஸ்ட் ஓடும் பிரதான த்ரெட்டுக்கு ஏறி வராது. டெஸ்ட் பச்சையாகப் பாஸ். 6.2 பதிப்பு வருவதற்கு முன்னால் நிலைமை இன்னும் மோசம்: பைத்தான் அந்த ட்ரேஸ்பேக்கை எரர் வெளியீட்டில் எழுதும், பைடெஸ்ட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாஸ் ஆன டெஸ்ட்டின் வெளியீட்டைக் காட்டும் வழக்கம் இல்லாததால் யார் கண்ணிலும் படாது. 2020 டிசம்பரில் வந்த 6.2 அதை ஓர் எச்சரிக்கையாகக் கடைசியில் மஞ்சளில் காட்டுகிறது. மஞ்சளை யார் படிக்கிறார்கள்? நூற்றுக்கணக்கில் பழைய நூலகங்களின் எச்சரிக்கைகள் ஓடும் இடத்தில் இதுவும் ஒன்றாகக் கலந்துவிடும்.

அமைப்பு ஃபைலில் அந்த ஒரு வகை எச்சரிக்கையை மட்டும் பிழையாக மாற்றி வைத்தால் டெஸ்ட் உடையும். அது எல்லோரும் செய்ய வேண்டியது. ஆனாலும் என் கேள்விக்கு முழு விடை கிடைப்பதில்லை. புது த்ரெட்டின் ஸ்டாக் அந்த த்ரெட் தொடங்கிய இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதைத் தொடக்கிவிட்ட டெஸ்ட் வரி அதில் இருக்காது. த்ரெட் கொஞ்சம் தாமதமாக முடிந்தால், பழி அடுத்து ஓடும் ஏதோ ஓர் அப்பாவி டெஸ்ட்டின் தலையில் விழும். இதில் பாதிக் குற்றம் பைத்தானுடையது என்பது தெரியும். இருந்தாலும் டெஸ்ட் கருவி என்று பெயர் வைத்துக்கொண்ட பின் உடைந்ததைப் பச்சையில் காட்டுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போதைக்கு நாங்கள் போகும் வழி இது: த்ரெட்டை நேரடியாகத் தொடங்காமல், பைத்தானின் 'கன்கரன்ட் ஃபியூச்சர்ஸ்' வழியாக வேலையைக் கொடுத்து, டெஸ்டில் ஒவ்வொரு ஃபியூச்சரிடமும் (கொடுத்த வேலைக்குக் கிடைக்கும் ரசீது மாதிரி) 'ரிசல்ட்' கேட்கிறோம். கேட்ட இடத்தில் அதே எக்செப்ஷன் மறுபடி எறியப்படும். ட்ரேஸ்பேக்கில் டெஸ்ட்டின் வரியும் இருக்கும், உள்ளே உடைந்த வரியும் இருக்கும். பழைய மாட்யூல் இரண்டில் இன்னும் நேரடி த்ரெட்கள் பாக்கி. அந்த இரண்டும் வேறு குழுவின் கையில் இருப்பதால் மாற்றச் சொல்லி டிக்கெட் போட்டிருக்கிறோம், மாதக் கடைசி முடியட்டும் என்கிறார்கள்.